சல்காட்டா குட்டிக்கு ஈரப்பதம் நிக்கவே மாட்டேங்குது, கூண்டை எப்படி மாத்துறது?

ஓட்டுக்குட்டி:

வணக்கம் எல்லாருக்கும். என்கிட்ட ஒரு சல்காட்டா ஆமைக்குட்டி இருக்கு, முட்டையிலேர்ந்து வந்து நாலு மாசம் ஆகுது, வந்தப்ப 34 கிராம் இருந்துச்சு இப்ப 58 கிராம், சாப்பாடெல்லாம் நல்லாவே சாப்பிடுது. பிரச்சனை என்னன்னா கூண்டுல ஈரப்பதம் நிக்கவே மாட்டேங்குது. மூணடி நீளம் ஒன்றரையடி அகலத்துல கண்ணாடி டேங்க், மேல கம்பிவலை மூடி, ஒரு ஓரமா 100 வாட் ஸ்பாட் லைட்டு, பக்கத்துல சுருள் மாதிரி இருக்குமே அந்த யூவிபி (வெயில்ல வர்ற புற ஊதாக்கதிர்) பல்பு, கீழ காஞ்ச புல்லை அழுத்தி செஞ்ச பெல்லட் பரப்பியிருக்கேன். காலைல ஸ்பிரே அடிச்சா ஈரப்பதம் காட்டுற மீட்டர் 70 சதவீதத்துக்கு ஏறுது, அரைமணி நேரத்துல திரும்ப 35. ஒரு நாளைக்கு அஞ்சாறு தடவ அடிக்கிறேன், வேலைக்குப் போய்ட்டா அதுவும் கிடையாது.

குடுத்தவங்க இது பாலைவன ஆமை, காஞ்ச இடத்துலதான் வெக்கணும், ஈரம் பட்டா சளி புடிக்கும்னு சொல்லித்தான் குடுத்தாங்க. இப்ப படிக்கிற இடத்துல எல்லாம் குட்டிக்கு 80 வேணும்னு போட்டிருக்கு. ரெண்டுல எதை நம்புறதுன்னு தெரியல. போன வாரம்தான் கவனிச்சேன், முதுகு நடுவுல ரெண்டு கட்டம் லேசா மேடு தட்டுற மாதிரி இருக்கு, விரல் வெச்சா தெரியுது. அதுலேர்ந்து மனசே சரியில்ல. அந்த மேடு திரும்ப இறங்குமா? சளியும் புடிக்காம ஈரமும் நிக்கிற மாதிரி எப்படி செய்யுறது, தயவு செஞ்சு சொல்லுங்க.

வளைவாசி:

ப்ரோ முதல்ல மூணு விஷயம் சொல்லுங்க. மீட்டர் எங்க ஒட்டியிருக்கீங்க, முள்ளு வெச்ச மீட்டரா நம்பர் காட்டுறதா? ராத்திரி லைட்ட அணைச்சப்புறம் உள்ள எத்தனை டிகிரி இருக்கு? தினமும் தண்ணில உக்கார வெக்கிறீங்களா?

ஓட்டுக்குட்டி:

முள்ளு வெச்சது, கண்ணாடில மேல ஒட்டியிருக்கேன். ராத்திரி லைட்டெல்லாம் அணைச்சிடுவேன், ரூம்ல எவ்வளவோ அவ்வளவுதான், காலைல பாத்தா 22 இருக்கும். தண்ணில வாரத்துக்கு ரெண்டு தடவ.

வளைவாசி:

சரி, புரிஞ்சுது. கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுமையா படிங்க, ஏன்னா நான் வளத்த முதல் சல்காட்டா நீங்க இப்ப வெச்சிருக்குற அதே மாதிரி டேங்க்லதான் வளந்துச்சு, அதுக்கு இப்ப 11 வயசு, ஓடு பூரா மேடு மேடா இருக்கு, தினமும் அதைப் பாக்குறேன். ரெண்டாவது குட்டிய மூடின பெட்டில வளத்தேன், அதோட ஓடு கூழாங்கல்லு மாதிரி வழவழன்னு இருக்கு. ரெண்டுக்கும் சாப்பாடு ஒண்ணுதான்.

பாலைவன ஆமைன்னு சொல்றது பாதிதான் சரி. சல்காட்டா சஹாராவுக்குத் தெக்கால சாஹேல் பக்கத்து உயிரினம், அங்க வருஷத்துல முக்கால்வாசி காஞ்சுதான் கிடக்கும், ஆனா அந்த வறட்சில ஆமை வெளிய உக்காந்துட்டு இருக்குறதில்ல, மண்ணுக்குள்ள வளை தோண்டி உள்ள போயிடும். வளைக்குள்ள காத்து வெளிய இருக்குற மாதிரி காஞ்சிருக்காது. நம்ம டேங்க்ல வளையும் இல்ல மழையும் இல்ல, தலைக்கு மேல 100 வாட் பல்பு மட்டும் இருக்கு.

மேடு ஏன் வருதுன்னு கேட்டீங்கன்னா, ரொம்ப காலமா புரதம் அதிகமா குடுத்தாதான் வரும்னு நம்பிட்டு இருந்தாங்க. 2003ல வெளிவந்த ஒரு ஆராய்ச்சில 50 சல்காட்டா குட்டிங்கள அஞ்சு மாசம் வேற வேற ஈரப்பதத்துலயும் வேற வேற புரத அளவுலயும் வளத்துப் பாத்தாங்க. புரதத்தால பெருசா வித்தியாசம் இல்ல, காஞ்ச இடத்துல வளந்ததுக்குத்தான் மேடு உசரமா வந்துச்சு, 45லேர்ந்து 99 வரைக்கும் ஈரம் இருந்த கூட்டத்துக்குத்தான் ஓடு நல்லா இருந்துச்சு. அதனால உங்க கேள்விக்கு பதில் 80 பக்கம்தான்.

இப்ப ஸ்பிரே ஏன் நிக்கலன்னு பாருங்க. சூடான காத்து மேல போகும், உங்க மூடி வலை, அதனால நீங்க அடிக்கிற ஈரம் பூரா சூட்டோட சேந்து ரூமுக்குப் போயிடுது, அந்த இடத்துக்கு ரூமோட காஞ்ச காத்து உள்ள வருது. இன்னொண்ணு, காத்து சூடாக சூடாக அதே ஈரம் கம்மியாத்தான் காட்டும். 22 டிகிரில 80 இருக்குற காத்தை தண்ணி சேக்காம 32க்கு சூடாக்கினா மீட்டர் 44 கிட்ட வந்து நிக்கும். வலை மூடி இருக்குற வரைக்கும் நீங்க ரூம் பூராவையும் ஈரமாக்கப் பாக்குறீங்க, பத்து தடவ அடிச்சாலும் நடக்காது. ஸ்பிரே பாட்டிலை ஓரமா வெச்சிட்டு முதல்ல கூண்டை மூடுங்க.

எப்படி மூடுறதுன்னா, நல்ல வழி லைட்டெல்லாம் உள்ளயே மாட்டி, மேல கண்ணாடியோ கெட்டி அக்ரிலிக்கோ போட்டு முழுசா மூடுறது. உடனே முடியலன்னா வலைல லைட்டு இருக்குற இடத்தை மட்டும் விட்டுட்டு மிச்சத்தை அலுமினிய ஃபாயில் போட்டு மூடுங்க. பிளாஸ்டிக் ஷீட்டு பல்பு கிட்ட வேணவே வேணாம், உருகும், தீப்புடிக்கும். ரொம்ப முக்கியமா, மூடினப்புறம் அந்த 100 வாட் பல்பை வெக்காதீங்க, சூடு வெளிய போக வழி இல்லாம குட்டி வெந்துடும். 40 இல்லன்னா 50 வாட்ல, ஸ்பாட் இல்லாம பரவலா வெளிச்சம் அடிக்கிற ஃப்ளட் பல்பா போடுங்க, ஸ்பாட்டு ஒரே இடத்துல குவிஞ்சு ஓட்டோட உச்சிய காய வெச்சிடும். ஆமை முதுகு உசரத்துல அளந்து பாத்தா லைட்டுக்கு அடியில 35லேர்ந்து 38 வரலாம், அடுத்த ஓரத்துல 27 கிட்ட இருக்கணும். அதை வெச்சு பல்பை ஏத்தி இறக்கிக்கோங்க. பல்பு கூட்டை கிளிப் போட்டு மட்டும் விடாதீங்க, சங்கிலில தொங்க விடுங்க.

ராத்திரி 22ன்னு சொன்னீங்க பாருங்க, சளி வர்ற வழி அதுதான். ஈரமும் சூடும் சேந்திருந்தா குட்டிக்கு ஒண்ணும் ஆகாது. ஈரமும் குளிரும் சேந்தா நெஞ்சுல சளி கட்டும். ஈரத்தை ஏத்தப் போறீங்கன்னா ராத்திரியும் 27க்குக் கீழ போகக்கூடாது, அதுக்கு வெளிச்சம் வராத செராமிக் ஹீட்டர் ஒண்ணு, பீங்கான் ஹோல்டர்ல, கண்டிப்பா தெர்மோஸ்டாட்டோட. சிவப்பு பல்பு வேணாம், அதுவும் வெளிச்சம்தான், தூக்கம் கெடும்.

கீழ இருக்குற பெல்லட்டை இன்னைக்கே எடுத்துடுங்க, ஈரம் பட்டா பூஞ்சை புடிச்சிடும். கோகோபீட் (தேங்கா நார்த்தூள்) ஏழெட்டு சென்டிமீட்டர் கனத்துக்கு போட்டு கையால நல்லா அமுக்குங்க, மேல ஆர்கிட் செடிக்கு போடுற மரப்பட்டைல பொடிசா இருக்குறதா ஒரு அடுக்கு. மணல் வேணாம், முழுங்கினா குடல்ல அடைக்கும். தண்ணிய மேல தெளிக்காம நாலு மூலைலயும் வெதுவெதுப்பா ஊத்துங்க, அடியில போய் நின்னுக்கிட்டு மெதுவா ஆவியாகி வரும். மேல் பட்டை காஞ்ச மாதிரிதான் இருக்கணும், தொட்டா கை நனையக்கூடாது.

பழைய ஓடு:

தம்பி, வளைவாசி சொன்னதுல எனக்கு ஒரு இடம் ஒத்துக்கல. நான் 15 வருஷமா ஆமை வளக்குறேன், குட்டில எல்லாத்தையும் காஞ்ச மண்ணுலதான் வளத்தேன், தினமும் அரைமணி தண்ணில விடுவேன், பெரிய மேடு எதுக்கும் வரல. ஒரு தடவ எல்லாரும் சொல்றாங்களேன்னு ஈரமா வெச்சேன், ரெண்டு வாரத்துல அடி ஓட்டுல வெள்ளையா அழுகல் வந்து, அதை ஆத்துறதுக்கு மூணு மாசம் ஆச்சு. அந்த ஆமை பட்ட கஷ்டத்தைப் பாத்தவன் நான். எல்லாத்துக்கும் 80ன்னு சொல்லிட்டுப் போகாதீங்க, புதுசா வளக்குறவங்க சொதசொதன்னு ஆக்கிடுவாங்க.

வளைவாசி:

அண்ணா, நீங்க சொல்ற பயம் நியாயமானதுதான். அடி ஓடு அழுகுறது நேரா ஈரத்துல படுத்து கிடக்குறதாலதான், அதுலயும் கூண்டு குளுந்திருந்தா சீக்கிரம் வரும். உங்க ஆமை அப்ப எந்த சூட்டுல இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா? நான் கேக்குறது காத்துல ஈரம், படுக்கைல இல்ல. அதனாலதான் மேல பட்டை, அடியில தண்ணின்னு எழுதினேன். தினமும் தண்ணில விட்டதும் உங்களுக்கு நல்லா உதவியிருக்கும். அப்புறம் நீங்க வளத்தது எந்த இனம்?

பழைய ஓடு:

கிரீக் ஆமைதான் அதிகம். அழுகல் வந்தது சல்காட்டாவுக்கு, ராத்திரி ஹீட்டர் இல்ல, அது உண்மைதான். கிரீக், ரஷ்யன் எல்லாம் குட்டில நடுத்தரமா ஈரம் இருந்தாலே சமாளிச்சுக்கும், ரெட்ஃபுட் ஆமைன்னா மழைக்காட்டு ஓரத்துல வர்றது, அதுக்கு ஈரம் கட்டாயம். இனத்தைப் பாத்துத்தான் பேசணும்னு நான் சொல்ல வந்தேன். காத்துல ஈரம், படுக்கை காஞ்சு, ராத்திரி சூடு, இப்படின்னா எனக்கு சம்மதம்.

பச்சிலை:

நான் ஊர்வன பாக்குற ஒரு கிளினிக்ல உதவியாளரா இருக்கேன், ரெண்டு விஷயம் மட்டும் சேக்குறேன். அந்த சுருள் யூவிபி பல்பை மாத்திடுங்க ப்ளீஸ். நீளமா டியூப் மாதிரி வர்ற டி5 போடுங்க, கூண்டு நீளத்துல பாதிக்காவது வெளிச்சம் அடிக்கும். கண்ணாடி, அக்ரிலிக் வழியா யூவிபி உள்ள வராது, மூடி போடும்போது டியூப் உள்பக்கம்தான் இருக்கணும், அது தெரியாம வெளிய வெச்சிட்டு எலும்பு மெலிஞ்ச குட்டிங்களைத் தூக்கிட்டு வர்றாங்க, பாக்கவே கஷ்டமா இருக்கும். பல்பு எரிஞ்சிட்டு இருந்தாலும் அதுலேர்ந்து வர்ற யூவிபி குறைஞ்சிட்டே வரும், வருஷத்துக்கு ஒரு தடவயாவது மாத்தணும். வெயில் கிடைச்சா அதைவிட நல்லது எதுவும் இல்ல, ஆனா கண்ணாடி டேங்க்கோட வெயில்ல வெச்சிடாதீங்க, கொஞ்ச நேரத்துலயே உயிர் போயிடும். திறந்த பெட்டில, பாதி நிழல் இருக்குற மாதிரி.

அடுத்தது தண்ணி. இந்த வயசுல வாரத்துக்கு ரெண்டு பத்தாது, தினமும் வேணும், வெதுவெதுப்பான தண்ணில 20லேர்ந்து 30 நிமிஷம், தாடை தாண்டாத ஆழத்துல. தண்ணி ஆறிடுச்சுன்னா மாத்துங்க. சிறுநீர்ல வெள்ளையா வர்றது மாவு மாதிரி கொரகொரன்னு இருந்தா உடம்புல தண்ணி பத்தலன்னு அர்த்தம். கூண்டுக்குள்ள தண்ணிக்கு பூந்தொட்டிக்கு அடியில வெக்கிற மண் தட்டை தரை மட்டத்துக்குப் புதைச்சு வெச்சா போதும், சாய்வு வெச்ச பெரிய கிண்ணம் வேணாம், குட்டி உள்ள விழுந்து கவுந்துடும்.

மூக்குல நுரை மாதிரி குமிழி விடுறது, வாயைத் திறந்து மூச்சு விடுறது, கழுத்தை நீட்டி நீட்டி இழுக்குறது, இதுல எது தெரிஞ்சாலும் காத்திருக்காம டாக்டர்கிட்ட காட்டுங்க.

வளைவாசி:

அக்கா சொன்னதெல்லாம் சரி. மீட்டர் பத்தி சொல்ல மறந்துட்டேன். அந்த முள்ளு மீட்டரை நம்பாதீங்க, நம்பர் காட்டுறது வாங்கி ஆமை நடக்குற உசரத்துல வைங்க, மேல வெச்சா மேல இருக்குற காத்துதான் தெரியும். வந்ததும் ஒரு சோதனை பண்ணிப் பாருங்க, சின்ன மூடில சாப்பாட்டு உப்பை எடுத்து சேறு மாதிரி ஆகுற அளவுக்கு தண்ணி விட்டு, மீட்டரோட சேத்து காத்து போகாத டப்பால ராத்திரி பூரா மூடி வைங்க. காலைல 75 காட்டணும். 70 காட்டினா உங்க மீட்டர் அஞ்சு கம்மியா காட்டுதுன்னு கூட்டிக்கோங்க.

ஒளிஞ்சுக்குற இடம்தான் குட்டிக்கு வளை. கறுப்பு பிளாஸ்டிக் டப்பாவைக் கவுத்து, ஆமை நுழையுற அளவுக்கு ஒரு சின்ன வாசல் மட்டும் வெட்டி, செராமிக் ஹீட்டருக்கு எதிர் ஓரத்துல வைங்க. நாள்ல பெரும்பாதி அது உள்ளதான் இருக்கும், அதனால அந்த டப்பாக்குள்ள என்ன ஈரம்ங்கிறதுதான் முதல் கணக்கு. கண்ணாடியோட வெளிப்பக்கம் கீழ ஒரு ஜாண் உசரத்துக்கு காகிதம் ஒட்டிடுங்க, கண்ணாடி இருக்குறது அதுக்குப் புரியாது, மோதிட்டே இருக்கும்.

மேடு இறங்குமான்னு கேட்டீங்க. வந்தது போகாது. ஆனா இனிமே கட்டத்தைச் சுத்தி வளர்ற புது பாகம் தட்டையா வரும், 58 கிராம்ல இருக்குற குட்டிக்கு அந்த ரெண்டு மேடு நாளைக்கு ஒரு பொத்தான் அளவுகூட தெரியாது.

ஓட்டுக்குட்டி:

மூணு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிச்சிடுங்க, எல்லாம் வாங்கி மாத்தி முடிக்க நேரம் ஆயிடுச்சு. அக்ரிலிக் மூடி, உள்ள டி5, 50 வாட் ஃப்ளட், செராமிக் 28ல செட் பண்ணியிருக்கேன். உப்பு சோதனைல என் புது மீட்டர் 78 காட்டுச்சு, மூணு கழிச்சுக்குறேன். இப்ப பகல்ல 78லேர்ந்து 82, டப்பாக்குள்ள 88, மூணு நாளைக்கு ஒரு தடவதான் மூலைல தண்ணி ஊத்துறேன், ஸ்பிரே பாட்டிலே எடுக்கல. முதல் நாள் லைட்டுக்கு அடியில 43 போயிடுச்சு, பயந்துபோய் பல்பை ஏத்தினேன், இப்ப 36ல நிக்குது. முன்னாடி நாள் பூரா மூலைல சுருண்டு கிடந்தது, இப்ப நடந்துட்டே இருக்கு, 71 கிராம். கட்டத்துக்கு நடுவுல வெள்ளையா கோடு வந்திருக்கு, அது பூஞ்சையா?

வளைவாசி:

இல்ல ப்ரோ, அதுதான் புது வளர்ச்சி. சந்தோஷமா இருக்கு. நகத்தால சொரண்டிப் பாக்காதீங்க, அந்த இடம் மெல்லிசு.

ஓட்டுக்குட்டி:

ரொம்ப நன்றிண்ணா, பழைய ஓடு ஐயாவுக்கும் பச்சிலை அக்காவுக்கும் நன்றி. எத்தனை நாளைக்கு இப்படி மூடி வெக்கணும்? இன்னொரு குட்டி துணைக்கு விடலாமா?

பழைய ஓடு:

துணை வேணாம் தம்பி. ரெண்டா வெச்சா ஒண்ணு இன்னொண்ணை ஒதுக்கிடும், சண்டை கண்ணுக்குத் தெரியாது, ஒண்ணு சாப்பிடாம ஒளிஞ்சே கிடந்து தேஞ்சு போயிடும். நான் ஒண்ணை அப்படி இழந்திருக்கேன். தனியா இருக்குறது ஆமைக்குத் தண்டனை இல்ல.

வளைவாசி:

நான் என் ரெண்டாவதுக்கு ஓடு 20 சென்டிமீட்டர் தாண்டுற வரைக்கும் மூடியே வெச்சிருந்தேன், அப்புறம் வெளிய சூடான ராத்திரி அறை கட்டி மாத்தினேன். உங்க மூணடி பெட்டி அதுக்கு முன்னாடியே பத்தாம போயிடும், வளந்தா 45 கிலோகூட தாண்டக்கூடிய இனம் இது. அடுத்த பெட்டி நாலுக்கு எட்டடி, இப்பவே இடம் பாத்து வைங்க. வாராவாரம் எடையைக் குறிச்சு வெச்சு இங்கயே போடுங்க.