கிளைட்டம்நெஸ்ட்ரா மேல் கோபமே வரவில்லையே, எனக்கு மட்டும்தானா?

புதுவாசகி:
பண்டைய கிரேக்க நாடகாசிரியர் ஈஸ்கிலஸின் ‘அகமெம்னான்’ இப்போதுதான் படித்து முடித்தேன். பத்து வருட டிராய் போர் முடிந்து வீடு திரும்பும் புருஷன் அகமெம்னானை, ராணி கிளைட்டம்நெஸ்ட்ரா விலை உயர்ந்த விரிப்புகளை வாசலில் போட்டு அதன் மேல் நடக்க வைத்து உள்ளே அழைத்துப்போய், குளிக்கும் இடத்தில் ஒரு துணியை வலை மாதிரி மேலே வீசி மூன்று வெட்டில் முடித்துவிடுகிறாள். முடித்துவிட்டு வெளியே வந்து ஆமாம், நான்தான் செய்தேன் என்று ஊர்ப் பெரியவர்கள் முன்னால் நிமிர்ந்து நிற்கிறாள். எனக்கு என்னவோ அவளைத் திட்டத் தோன்றவில்லை. உங்களுக்கு எப்படி? அடுத்து எதைப் படிக்கலாம்?

நாடகப்பித்து:
தோன்றாது. ஈஸ்கிலஸ் அப்படித்தான் கட்டியிருக்கிறார். ராணி வாய் திறந்து காரணம் சொல்வதற்கு வெகு முன்னாலேயே கோரஸ் (மேடையில் பாடும் ஊர்ப் பெரியவர்கள் குழு) போருக்குக் கிளம்பும் முன் ஆவுலிஸ் துறைமுகத்தில் நடந்ததைப் பாடிவிடுகிறது. காற்று எதிராக நின்று கப்பல்கள் கிளம்ப முடியாமல் கிடக்க, பெற்ற அப்பனான அகமெம்னானே மகள் இஃபிஜினியாவை ஆட்டைப் போலப் பலிபீடத்தின் மேல் தூக்கிப் பிடிக்கச் சொல்கிறான், அவள் வாயிலிருந்து சாபம் வந்துவிடக் கூடாதென்று வாயையும் கட்டச் சொல்கிறான். பேச முடியாமல் சுற்றி நிற்பவர்களை ஒவ்வொருவராகப் பார்க்கிறாள் அந்தப் பெண். அப்பாவின் விருந்துகளில் அவள் பாடியதைக் கேட்டவர்கள் அவர்கள்!

தெற்குவாசல்:
சரி, அப்போ கசாண்ட்ரா? டிராய் இளவரசி, நாடு பறிபோய், அண்ணன் தம்பிகளை இழந்து, அகமெம்னானோடு அடிமையாக இழுத்து வரப்பட்டவள். அவளையும் சேர்த்து வெட்டியதற்கு எந்த மகளின் பெயரைச் சொல்வது? சோஃபக்ளிஸின் ‘எலெக்ட்ரா’ படியுங்கள். மகன் ஒரெஸ்டஸ் செத்துவிட்டான் என்று பொய்ச் செய்தி வந்ததும் கிளைட்டம்நெஸ்ட்ரா ஒரு நொடி தாயாகத் தடுமாறுகிறாள், அப்புறம் இனி பயமில்லாமல் இருக்கலாம் என்று நிம்மதியாகிறாள். கடைசியில் உள்ளே ஒரெஸ்டஸ் அவளை வெட்ட, அவள் அலறும்போது வெளியே நிற்கும் மகள் எலெக்ட்ரா, முடிந்தால் இன்னொரு வெட்டு போடு என்று கத்துகிறாள். ஒரு மகளுக்காகக் கொன்றவளை இன்னொரு மகள் இவ்வளவு வெறுத்தாள் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

நாடகப்பித்து:
கசாண்ட்ரா விஷயத்தில் உங்கள் பக்கம்தான், அதற்குச் சமாதானமே கிடையாது. ஆனால் யூரிபிடிஸின் ‘ஆவுலிஸில் இஃபிஜினியா’வைப் படிக்காமல் தீர்ப்பு எழுதாதீர்கள். அவர் இறந்த பிறகு, கி.மு. 405 வாக்கில் மேடையேறியது. மாவீரன் அக்கிலீஸோடு இஃபிஜினியாவுக்குக் கல்யாணம் என்று கடிதம் வர, நம்பி மகளைக் கூட்டிக்கொண்டு அம்மாவே பாசறைக்கு வந்து இறங்குகிறாள். உண்மை தெரிந்ததும் அகமெம்னானின் முகத்துக்கு நேராகவே கேட்கிறாள்: என் முதல் கணவனைக் கொன்றாய், மார்பிலிருந்த குழந்தையைப் பிடுங்கிக் கொன்றாய், அதற்கப்புறமும் உனக்கு நல்ல மனைவியாகத்தானே இருந்தேன், இப்போது இவளையுமா?

புதுவாசகி:
முதல் கணவன் கதையா! ஈஸ்கிலஸில் இல்லையே.

நாடகப்பித்து:
ஆமாம், அங்கே இல்லை. ஆனால் ஈஸ்கிலஸின் அதே மூன்று நாடகத் தொகுப்பில் (கி.மு. 458) கடைசியான ‘யூமெனிடிஸ்’ இன்னும் மோசம். தாயைக் கொன்ற ஒரெஸ்டஸுக்கு ஏதென்ஸில் விசாரணை. அப்போலோ தெய்வம் எழுந்து, தாய் உண்மையில் பெற்றவளே அல்ல, தகப்பனின் விதையைக் காத்து வளர்ப்பவள் மட்டுமே என்று வாதாடுகிறார். ஓட்டு சரிபாதி, அவன் விடுதலை. மனைவி கணவனைக் கொன்றால் அது சொந்த ரத்தம் இல்லை, அதனால்தான் அவளைத் துரத்தவில்லை என்கின்றன ஒரெஸ்டஸைத் துரத்தி வந்த பழிவாங்கும் தேவதைகள். அப்படியானால் சொந்த ரத்தமான மகளைக் கொன்ற அகமெம்னானை ஏன் துரத்தவில்லை என்று அந்த வழக்கில் ஒருவர்கூடக் கேட்பதில்லை. இஃபிஜினியாவின் பெயரே அங்கே வருவதில்லை.

தெற்குவாசல்:
அது நியாயமான அடி. யூரிபிடிஸிலிருந்தே தொடங்குங்கள், அப்புறம் ‘எலெக்ட்ரா’. டிராய் ராணி ஹெக்குபாவுக்குத் தனி இழை திறக்கலாம், இங்கே ஆரம்பித்தால் விடிந்துவிடும்.