அலுவலகக் கட்டடங்களைப் பார்த்து வீட்டு உள்வடிவமைப்புக்கு எதை எடுக்கலாம்? உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

வரைமேசை:
நியூயார்க்கில் 1958இல் முடிந்த சீக்ராம் கட்டடத்தின் முகப்பில் மேலிருந்து கீழாக ஓடும் வெண்கலச் சட்டங்களைப் பலரும் காப்பியடிக்கிறார்கள். அவை எந்தப் பாரத்தையும் தாங்குவதில்லை. தாங்கும் எஃகு, தீக்குப் பயந்து கான்கிரீட்டுக்குள் புதைந்திருக்கிறது. அங்கிருந்து எடுக்கவேண்டியது ஜன்னல் திரை என்பேன். அதை வடிவமைத்த மீஸ் வான் டெர் ரோ திரைகளை மூன்று நிலைகளில் மட்டுமே நிற்கவிட்டார்: முழுக்க மேலே, பாதி, முழுக்கக் கீழே. யார் எப்படி இழுத்தாலும் முகப்பு கலையாது. நம் வேலைக்கு இது மிகச் சுலபம். ஒரே முகப்பில் உள்ள ஜன்னல்களுக்கெல்லாம் வெளிப்பக்கம் ஒரே நிறம் தெரியும் ரோலர் திரை, சங்கிலியில் பாதி உயரத்தில் ஒரு ஸ்டாப்பர், அவ்வளவுதான்.

கட்டடம் பார்க்கப் போகும்போது படம் எடுப்பதற்கு முன் அளவெடுங்கள். தரை ஓடு 600 மி.மீ. என்றால் ஓடுகளை எண்ணினாலே அறையின் அளவு வந்துவிடும். வாசலில் கூரை உயரம் எவ்வளவு, உள்ளே எவ்வளவு என்று தனியாகக் குறியுங்கள். தாழ்ந்த வாசலைத் தாண்டி உள்ளே போனதும் கூடம் பெரிதாகத் தெரிவது அந்த வித்தியாசத்தால்தான். கூடத்தை மட்டும் உயர்த்திவிட்டு வாசலை அப்படியே விட்டால் அந்த உணர்வு வராது.

விளக்குக்கணக்கு:
லாபியில் கல் சுவர் மேல் வழியும் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு, வீட்டிலும் அது வேண்டும் என்று வாடிக்கையாளர்கள் கேட்பார்கள். அங்கே விளக்கு சுவரிலிருந்து 15 முதல் 30 செ.மீ. தள்ளித்தான் இருக்கும். ஒளி சாய்ந்து விழுவதால் கல்லின் மேடுபள்ளம் எழும்பித் தெரிகிறது. பட்டி பார்த்து பெயின்ட் அடித்த சுவரில் அதே இடத்தில் விளக்கை வைத்தால் கரண்டித் தடம் ஒவ்வொன்றும் எழும்பித் தெரியும். பெயின்டரைக் குறை சொல்லிப் பயனில்லை, கோணம்தான் காரணம். வழவழப்பான சுவருக்குக் கூரை உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளி வையுங்கள்: 2.7 மீட்டர் கூரை என்றால் 90 செ.மீ. விளக்குக்கு விளக்கு இடைவெளியும் ஏறத்தாழ அதுவே. ஒரே அறையில் 3000 கெல்வினையும் (மஞ்சள் சாயல் வெளிச்சம்) 4000 கெல்வினையும் (வெண்மையான வெளிச்சம்) கலக்காதீர்கள். சி.ஆர்.ஐ. (விளக்கு நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற அளவு) 90க்குக் குறைந்தால் மரத்தின் நிறம் மங்கித் தெரியலாம்.

ஃபால்ஸ் சீலிங்கைக் கழற்றிக் குழாய்களைக் கறுப்படிக்கும் பாணிக்கும் ஒரு எச்சரிக்கை. கழற்றுவது ஒலியை உறிஞ்சும் ஓடுகள் என்றால் அவற்றோடு அந்த உறிஞ்சலும் போய்விடும். நன்றாகச் செய்த அலுவலகங்களில் குழாய்களுக்கிடையே ஒலியை உறிஞ்சும் தட்டிகள் தொங்கும். கறுப்பில் கறுப்பாக இருப்பதால் படத்தில் தெரியாது. அறை நடுவில் நின்று ஒருமுறை கை தட்டுங்கள். ஓசை இழுத்துக்கொண்டு நின்றால் தட்டி தேவை.

தச்சுப்பட்டறை:
சுவருக்கும் தரைக்கும் நடுவே 10 மி.மீ. நிழல் இடைவெளி விடும் ஸ்கர்ட்டிங் (சுவரடிப் பட்டை) பற்றி யாரும் சொல்லவில்லையே. அலுமினியச் சட்டத்தைப் பூச்சு வேலைக்கு முன்னால் பொருத்தவேண்டும். பெயின்ட் கட்டத்தில் கேட்டால் சுவரை வெட்டவேண்டி வரும். சாதாரண ஸ்கர்ட்டிங் சுவரின் வளைவை மறைக்கும், இது காட்டிக்கொடுக்கும். 2 மீட்டர் மட்டக்கோலை வைத்துப் பார்த்து 3 மி.மீ.க்கு மேல் இடைவெளி தெரிந்தால் முதலில் சுவரைச் சரிசெய்யுங்கள். உள்ளே எம்.டி.எஃப். (மர நாரை அழுத்திச் செய்த பலகை) வேண்டாம், துடைக்கும் தண்ணீரைக் குடித்து உப்பிவிடும்.

வரைமேசை:
கூரைக் கண்ணாடி வைப்பவர்களுக்கு ஒன்று. அமெரிக்காவின் ராசீனில் 1939இல் திறந்த ஜான்சன் வாக்ஸ் அலுவலகத்தில் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்டு ரைட் கூரைக்குக் கண்ணாடிக் குழல்களை அடுக்கினார். வெளிச்சம் அபாரம், ஆனால் மழை ஒழுகியது. வெயிலில் விரிந்து குளிரில் சுருங்கும் அத்தனை இணைப்புகளையும் அடைப்புப் பசையால் நெடுநாள் காப்பாற்ற முடியாது. தண்ணீரைச் சரிவு வெளியேற்றவேண்டும். பசை இரண்டாம் காவல்தான். கண்ணாடிக்கு 5 டிகிரிக்குக் குறையாத சரிவும், சுற்றிலும் தளத்திலிருந்து 150 மி.மீ. உயரக் கட்டையும் கொடுங்கள்.