மகளுக்கு நாள்பட்ட மூட்டு வலி, மனசும் விட்டுப்போய்விட்டது. எப்படித் துணை நிற்பது?

விடிகாலை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இதை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

என் மகளுக்கு 15 வயது. 11 வயதில் முதலில் வலது மணிக்கட்டு வீங்கியது, அப்புறம் இரண்டு முழங்கால்களும். சிறுவயது மூட்டுவாதம் என்று கண்டுபிடிக்கவே எட்டு மாதம் ஆயிற்று. அதுவரை "வளர்கிற வயசு, அப்படித்தான் வலிக்கும்" என்றார் ஒரு டாக்டர். "பள்ளிக்கூடம் போகப் பிடிக்காமல் சொல்கிறாள்" என்றார் இன்னொருவர். நானும் ஒருநாள் அவளிடம் "நிஜமாவே வலிக்குதா?" என்று கேட்டுவிட்டேன். அதை அவள் இன்னும் மறக்கவில்லை.

இப்போது வீக்கம் வடிந்துவிட்டது. ஒரு வருஷமாக ரத்தப் பரிசோதனையும் நன்றாக வருகிறது. ஆனால் வலி மட்டும் போகவில்லை. மாடிப்படி இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்துத்தான் இறங்குகிறாள். கைப்பிடிச் சுவரில் உள்ளங்கையை வைக்க மாட்டாள், முழங்கையை ஊன்றுவாள், மணிக்கட்டில் பாரம் விழக்கூடாது என்று. நான் கீழே நின்று பார்ப்பது தெரிந்துவிட்டால் சட்டென்று நிமிர்ந்து வேகமாக இறங்கப் பார்ப்பாள். முகம் வெளுத்துப்போகும்.

தினமும் காலையிலும் இரவிலும் வலி எவ்வளவு என்று 0 முதல் 10 வரை ஒரு நோட்டில் எழுதச் சொல்லியிருந்தேன். டாக்டரிடம் காட்ட உதவுமே என்று நானாக ஆரம்பித்தது. மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை அந்த நோட்டைத் திறந்து பார்த்தால் புதன், வியாழன், வெள்ளி, சனி எல்லாவற்றுக்கும் 7, 7, 7, 7 என்று ஒரே மையில் எழுதி வைத்திருக்கிறாள். கேட்டதற்கு, "எப்படியும் அதுதானேம்மா வரப்போகுது" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

முன்பெல்லாம் எப்போதும் வரைந்துகொண்டே இருப்பாள். போன மாதம் பென்சில் பெட்டியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டாள். தோழிகள் கூப்பிட்டால் எடுப்பதில்லை. விடியற்காலை மூன்று மணிவரை போன் வெளிச்சம் தெரிகிறது, அப்புறம் பகல் முழுக்கத் தூக்கம். வாரத்தில் இரண்டு நாள் பள்ளிக்குப் போனால் அதிகம். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, "நான் இல்லாம இருந்தா உங்களுக்கெல்லாம் எவ்வளவு நிம்மதியா இருக்கும்" என்றாள். நான் பதறிப்போய், "பைத்தியம் மாதிரி பேசாதே" என்று கட்டிப்பிடித்தேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கவுன்சலிங் போகலாம் என்றால், "அப்போ என் வலி மனசுலதான்னு நீயும் சொல்றியா?" என்கிறாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இதைக் கடந்து வந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

---

ஜன்னலோரம் எழுதியது:

அக்கா, எனக்கு 24 வயது. 13 வயதிலிருந்து கழுத்து, தோள், முதுகு என்று வலி. ஸ்கேனில் ஒன்றும் தெரியாது. அதனால் உங்கள் மகளிடம் நீங்கள் கேட்ட அந்த ஒரு கேள்வியை என்னிடமும் ஐந்து வருஷம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

முதலில் ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு. நானும் கிட்டத்தட்ட அதே வார்த்தையைச் சொல்லியிருக்கிறேன். என் அம்மாவும் "அப்படிச் சொல்லாதே" என்று அழுதார். அம்மாவை அழ வைத்துவிட்டோமே என்று அப்புறம் வாயே திறக்கவில்லை. நாலு மாதம் கழித்துச் சித்திதான் பக்கத்தில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தாமல், சாதாரணமாக, "செத்துப்போயிடலாம்னு தோணுதாடா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். சித்தி அழவில்லை, திட்டவில்லை. "எப்பல்லாம் தோணும்?" என்று அடுத்த கேள்வி கேட்டார். அன்றைக்குத்தான் பல மாதங்களுக்குப் பிறகு ஒழுங்காகத் தூங்கினேன். தயவுசெய்து கேளுங்கள். நீங்கள் கேட்டுத்தான் அந்த எண்ணம் வர வேண்டும் என்று இல்லை.

இரண்டாவது, அந்த நோட்டு. என் வீட்டில் நோட்டு இல்லை, ஆனால் எல்லோருடைய கண்ணும் நோட்டாக இருந்தது. நாற்காலியிலிருந்து எழுந்தால் அம்மா பார்ப்பார், குனிந்தால் அப்பா பார்ப்பார். "இப்போ எப்படி இருக்கு?" என்று ஒவ்வொரு முறை கேட்கும்போதும் உடம்புக்குள் போய் வலியைத் தேடி எடுத்துக்கொண்டு வந்து காட்ட வேண்டும். ஒரு கதையில் மூழ்கி அரைமணி நேரம் மறந்திருப்பேன், அந்தக் கேள்வி வந்து கூட்டிக்கொண்டு போய்விடும். கேட்காமல் விட்டால் அக்கறை இல்லை என்று நினைப்பாளோ என்று உங்களுக்குப் பயமாக இருக்கும். எங்கள் வீட்டில் துணி மாட்டும் கிளிப் ஒன்றை என் அறைக் கதவில் மாட்டினோம். மேலே இருந்தால் சாதாரண நாள், கீழே இருந்தால் மோசமான நாள், உதவி வேண்டும். யாரும் கேட்கத் தேவையில்லை, நானும் முகத்தை வைத்து நடிக்கத் தேவையில்லை.

அப்புறம் தோழிகள். வர முடியாது என்று நாலு முறை சொன்னால் ஐந்தாவது முறை கூப்பிட மாட்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, நமக்குச் சங்கடம் வேண்டாம் என்றுதான் விட்டுவிடுகிறார்கள். "நான் வராட்டியும் கூப்பிடு, கூப்பிடுறது எனக்குப் பிடிச்சிருக்கு" என்று ஒருத்திக்கு மெசேஜ் போட்டேன். அதை எழுத இரண்டு நாள் ஆயிற்று. அந்த ஒருத்தி இன்றுவரை கூப்பிடுகிறாள்.

---

ஆலோசகி எழுதியது:

வணக்கம். நாள்பட்ட வலி உள்ள சிறுவர்களுக்கும் இளையோருக்கும் உளவியல் ஆலோசகராக வேலை செய்கிறேன். உங்கள் மகளை நேரில் பார்க்காமல் எதையும் முடிவாகச் சொல்ல முடியாது. ஆனால் ஒன்றை மட்டும் இன்றைக்கே செய்யுங்கள்.

"நான் இல்லாமல் இருந்தால்" என்ற பேச்சும், ஆசையாக வைத்திருந்த பென்சில் பெட்டியைக் கொடுத்துவிட்டதும், தூக்கம் தலைகீழானதும் சேர்ந்து வந்திருக்கின்றன. மணிக்கட்டு வலியால்தான் பெட்டியைக் கொடுத்தாளோ என்னவோ, நாமாக ஊகிக்க வேண்டாம். மேலே தங்கை சொன்னது போல நேராகக் கேளுங்கள். வீட்டிலுள்ள எல்லா மருந்துகளையும், அவளுடைய வலி மாத்திரை உட்பட, பூட்டி வையுங்கள், அன்றன்றைக்கு வேண்டியதை நீங்கள் எடுத்துக் கொடுங்கள். எப்படிச் செய்துகொள்வது என்பதுவரை யோசித்திருக்கிறாள் என்று தெரிந்தால் அவளைத் தனியாக விடாதீர்கள், அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். அந்த அளவு இல்லை என்றாலும் இந்த வாரத்துக்குள் ஒரு மனநல மருத்துவர் பார்க்க வேண்டும்.

இனி அவள் கேட்ட கேள்வி. அது நியாயமான கேள்வி. "வலி உடம்பில்தான். ஆனால் வலி ராத்திரி தூங்க விடவில்லை, வரைய விடவில்லை, தோழிகளிடம் போக விடவில்லை. அத்தனையும் மனசைப் பிடிக்கும். அதற்குத்தான் போகிறோம்" என்று சொல்லிப் பாருங்கள். சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2020-ல் வலிக்கான வரையறையைத் திருத்தியது. புலனும் உணர்ச்சியும் சேர்ந்த அனுபவம் என்றுதான் அதில் இருக்கிறது. ஒருவர் வலிக்கிறது என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்பதையும் கூடவே எழுதி வைத்திருக்கிறார்கள். இதை அவளுக்கே படித்துக் காட்டலாம். அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனம் சிறுவர்களின் நாள்பட்ட வலிக்காக வெளியிட்ட வழிகாட்டுதலில் உடற்பயிற்சி, உளவியல் சிகிச்சை, மருந்து மூன்றும் இடம்பெறுகின்றன. வலி பொய் என்பதால் உளவியல் சிகிச்சையைச் சேர்க்கவில்லை.

மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தாலோ திரும்பத் திரும்ப வந்தாலோ அதை நாள்பட்ட வலி என்கிறோம். வீக்கம் வடிந்த பிறகும் ஏன் வலிக்கிறது? சூடு கண்ட பூனை என்பார்களே, நரம்பு மண்டலமும் அப்படித்தான். வருஷக்கணக்கில் அடிபட்ட பாதை லேசான தொடுதலையும் அசைவையும்கூட ஆபத்து என்று மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். தூக்கம் கெட்டால், பயந்தால், தனிமையில் கிடந்தால் இன்னும் உரக்கச் சொல்லும். அது கற்பனை இல்லை, உண்மையான வலி. ஆனால் அந்த வலியின் அர்த்தம் மூட்டு கெட்டுக்கொண்டிருக்கிறது என்பது அல்ல. இந்த வித்தியாசம் பிள்ளைக்குப் புரிந்தாலே பாதிப் பயம் போகும். மருத்துவர் "இனி இப்படித்தான்" என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டால் அது புரியாது. அவளுடைய மூட்டு மருத்துவரிடம் இதற்கென்றே நேரம் கேளுங்கள். நோய் அடங்கியிருப்பதை அவர் மறுபடி உறுதிப்படுத்தட்டும்.

நோட்டை நிறுத்திவிடலாம். 2006-ல் வெளியான ஓர் ஆய்வில், அடிக்கடி வயிற்று வலி வரும் பிள்ளைகளிடம் பெற்றோர் வலியைப் பற்றியே கேட்டபோது பிள்ளைகளின் புகார் ஏறக்குறைய இரண்டு மடங்கானது. பேச்சை வேறு பக்கம் திருப்பியபோது பாதியானது. ஆனால் பேச்சைத் திருப்பினால் பிள்ளை நொந்துபோகும் என்றுதான் பெற்றோர்கள் நினைத்தார்கள். மருத்துவர் கேட்டால் மட்டும், வலிக்கு எண் போடாமல், அந்த வாரம் என்ன செய்ய முடிந்தது என்று எழுதட்டும்.

வரைவதைப் பற்றி. நல்ல நாளில் மூன்று மணி நேரம் வரைந்துவிட்டு அடுத்த இரண்டு நாள் படுத்துக்கிடப்பதுதான் பொதுவாக நடக்கும். மோசமான நாளிலும் எத்தனை நிமிடம் முடியும் என்று அவளையே கேளுங்கள். பத்து என்றால் எட்டில் தொடங்கச் சொல்லுங்கள். டைமர் அடித்ததும் நிறுத்த வேண்டும், நன்றாக இருந்தாலும். வாரத்துக்கு ஓரிரு நிமிடம் கூட்டலாம். பள்ளிக்கும் இதே கணக்குத்தான். ஒரே நாளில் முழு நேரம் வேண்டாம், தினமும் இரண்டு பாடவேளை போதும். எழுந்திருக்கும் நேரத்தை மட்டும் விடுமுறையிலும் மாற்றாதீர்கள். முதல் பத்து நாள் சண்டை வரும்.

---

இரு பிள்ளைகளின் அப்பா எழுதியது:

சகோதரி, என் மூத்தவனுக்கு இடுப்பு வலி, நாலு வருஷமாக. பள்ளி விஷயத்தில் ஒன்று சொல்கிறேன். வகுப்பில் யாரிடமும் சொல்லாமல் எழுந்து பத்து நிமிடம் நடந்துவிட்டு வர அனுமதி வாங்கினோம். அட்டை ஒன்றை மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவான். வாய் திறந்து கேட்க வேண்டியதில்லை என்றதுமே வாரத்தில் இரண்டு நாள் கூடுதலாகப் போக ஆரம்பித்தான்.

இன்னொன்று, தம்பியை மறந்துவிடாதீர்கள். என் இளையவள் ஒருநாள் காலில் பெரிய காயத்தோடு வந்து, கழுவிக் கட்டும்போதுகூடச் சத்தம் போடவில்லை. "அண்ணனுக்கு வலிக்கிறதைவிட இது கம்மிதானே" என்றாள். அவளுக்கு அப்போது எட்டு வயது. அவளையும் யாராவது பார்க்க வேண்டும் என்பது எனக்கு அன்றுவரை தோன்றவே இல்லை.

---

விடிகாலை எழுதியது:

மூன்று பேருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன்.

அன்று இரவே கேட்டேன். கை நடுங்கியது, அதனால் அவளுடைய போர்வையை மடித்துக்கொண்டே கேட்டேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "சில நாள் தோணும். செய்யணும்னு இல்ல, எழுந்திருக்காமலே இருந்தா நல்லா இருக்கும்னு" என்றாள். அழாமல் இருக்க முயன்றேன், முடியவில்லை. ஆனால் எழுந்து போகவில்லை. "எப்பல்லாம் தோணும்?" என்று கேட்டேன். காலையில் படி இறங்கும் முன்னால் என்றாள். அப்போது நான் கீழே நிற்பேன் அல்லவா, அந்த நேரம்.

மாத்திரைகளைப் பூட்டிவிட்டோம். மூன்றாம் நாள் மனநல மருத்துவரைப் பார்த்தோம். ஆலோசகி சொன்ன மாதிரியே, வலி உடம்பில்தான் என்று அவர் முதல் வாக்கியத்திலேயே சொன்னார். அதன் பிறகுதான் இவள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். வாரம் ஒருமுறை போகிறோம். மூட்டு டாக்டரிடமும் நேரம் வாங்கியிருக்கிறேன்.

பென்சில் பெட்டி திரும்பி வந்துவிட்டது. தம்பியே கொண்டுபோய் வைத்துவிட்டான். எட்டு நிமிடம் என்று ஆரம்பித்தோம், நேற்று பன்னிரண்டு ஆகிவிட்டது, டைமரை அணைத்துவிட்டு வரைந்தாள். நான் தடுத்திருக்க வேண்டுமா?

கிளிப் யோசனையைச் சொன்னேன். "நான் என்ன சின்னப் பிள்ளையா" என்றாள். வேறு ஏதாவது அவளே யோசித்துச் சொல்கிறாளாம். காலையில் இப்போது நான் படிக்குக் கீழே நிற்பதில்லை. சத்தம் மட்டும் கேட்கும். இரண்டு காலும் சேர்ந்து வைக்கிற அதே சத்தம்தான்.

---

ஆலோசகி எழுதியது:

தடுக்காதது நல்லது. இன்றைக்குக் கை எப்படி இருந்தது, நாளைக்கு எத்தனை நிமிடம் வைக்கலாம் என்று அவளே பார்த்துச் சொல்லட்டும். அந்த "எழுந்திருக்காமலே இருந்தால்" என்ற எண்ணம் இப்போது எவ்வளவு வருகிறது என்று வாரத்துக்கு ஒருமுறையாவது நீங்கள் கேளுங்கள். அதை மட்டும் அவளாகச் சொல்லட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.