சிறைக்குள் பறை பழக்க முடியுமா?

அம்மாப்பேட்டையில் ஏழு பேர் ஞாயிறுதோறும் பறை பழகுகிறோம். சேலம் மத்திய சிறைக்குள் போய் வாசிக்க ஆசை. வெறுமனே ஆடிக் காட்டிவிட்டு வருவதற்காக இல்லை. உள்ளே இருப்பவர்கள் கையிலும் குச்சி இருக்க வேண்டும். யாரைப் பார்ப்பது?

ஓமலூர்க்காரன்:
கண்காணிப்பாளருக்கு மனு எழுதுங்க தம்பி. ஆட்கள் பெயர், ஆதார் நகல், பொருள் பட்டியல். குச்சி எத்தனை என்பதுகூட எழுதணும். எண்ணித்தான் வெளியே விடுவார்கள்.

மலையடிவாரம்:
வேறொரு ஊர்ச் சிறையில் நான்கு வாரம் சொல்லிக்கொடுத்தேன். தோல் பறை கொண்டுபோனது என் மடத்தனம். ஐப்பசி ஈரத்தில் தோல் தொய்ந்து 'தொப்பு தொப்பு' என்றது. தோலைக் காய்ச்சி இறுக்க நெருப்புக்கு எங்கே போவது? ஒரு பெரியவர் சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து, விரலால் தன் ஊரில் சாவுக்கு வாசிக்கும் அடியை, அதாவது தாளத்தை, தட்டினார். அன்றைக்கு அவர்தான் வாத்தியார். ஃபைபர் பறையே எடுத்துப்போங்கள். அப்புறம், விசாரணைக் கைதிகள் ஜாமீனில் போய்விடுவார்கள். வாராவாரம் முகம் மாறும். ஒரே நாளில் முடிகிற அடியாகச் சொல்லிக்கொடுங்கள். வார்டர் ஒருவரையும் வட்டத்தில் நிற்க வையுங்கள், கூச்சம் போகும்.

கேட்டவர்:
சரிங்க அக்கா. எங்களிடம் ஃபைபர் பறை இரண்டுதான். தட்டு அங்கேயே இருக்குமே!