பந்திங் பக்கம் மாடு கட்ட இடம் கிடைக்குமா?

வணக்கம். மலேசியாவில், சிலாங்கூர் பந்திங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறோம். மூன்று வாரமாக மழை இல்லை. லயத்துக்குப் பின்னால் காட்டில் பிடித்த தீ பெரிய வாய்க்கால் வரை வந்துவிட்டது. போம்பாக்காரர்கள் (தீயணைப்புப் படை) இரண்டு நாளாகத் தண்ணீர் அடிக்கிறார்கள். ஆனால் இது காம்புட் மண், செடிகொடி மட்கிச் சேர்ந்த, தானே எரியக்கூடிய மண். மேலே அணைந்ததுபோல் தெரியும். அடியில் புகைந்துகொண்டே நகர்ந்து, கொஞ்ச தூரம் தள்ளி மறுபடி கிளம்பும். நேற்று வாய்க்காலுக்கு இந்தப் பக்கமும் புகை வந்துவிட்டது.

பிள்ளைகளைக் கிள்ளானில் அக்கா வீட்டில் விட்டுவிட்டேன். பிரச்சினை அம்மாதான். ஆஸ்துமா உள்ளவர், இரவெல்லாம் இருமுகிறார். கிளம்பச் சொன்னால், "மாட்டை விட்டுட்டு நான் எங்கேயும் வரமாட்டேன்" என்று ஒரே பிடிவாதம். இரண்டு கறவை மாடு, ஒரு கன்று. அதில் ஒன்று அப்பா வாங்கிவிட்ட மாடு, அதனால் நானும் அதட்ட முடியவில்லை.

மோரிப், காப்பார், தெலோக் பங்லிமா காராங், எங்கே என்றாலும் சரி, பத்து நாளைக்கு மாடு கட்ட இடம் தருவீர்களா? புல்லும் தவிடும் நானே கொண்டுவருகிறேன். மாடு ஏற்றும் லோரி வைத்திருப்பவர்களும் சொல்லுங்கள், வாடகை கொடுத்துவிடுகிறேன்.

அப்புறம், 2005 புகைமூட்டத்தில் கிள்ளான் துறைமுகம், கோலா சிலாங்கூர் பக்கம் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐத் தாண்டி அவசரநிலை போட்டார்களே, அப்போது அங்கே மாடு வைத்திருந்தவர்கள் என்ன செய்தீர்கள்? கொட்டகையைச் சுற்றி ஈரச் சாக்கு கட்டினால் பலன் உண்டா?

காற்று எங்கள் பக்கம் திரும்புகிறது. இன்று இரவுக்குள் பதில் கிடைத்தால் நல்லது.