16 அடி அலுமினியம் படகு: எந்தக் கூடுதல் வசதிக்குக் காசு கொடுக்கலாம்?

அண்ணாமார், அக்காமார், ஒரு உதவி வேண்டும். கனடாவில் ஸ்காபரோவில் இருக்கிறேன், சிம்கோ ஏரியிலும் ஸ்கூகொக் ஏரியிலும் பாஸ், பெர்ச் மீன் பிடிப்பேன். இவ்வளவு நாளும் வாடகைப் படகுதான், இப்போதுதான் புதுசாக 16 அடிப் படகு ஒன்றுக்கு முன்பணம் கட்டப்போகிறேன்.

முதல் குழப்பம் என்ஜின். 40 குதிரைத்திறனோடு வருகிறது, படகின் தகட்டில் 60 வரை போடலாம் என்று இருக்கிறது. சிம்கோவில் மதியத்துக்குப் பிறகு காற்று எழும்பினால் அலை அடுத்தடுத்து நெருக்கமாக வரும், மூன்று பேரோடு கரைக்குத் திரும்ப 40 இழுக்குமா? என்ஜினை மட்டும் பிறகு மாற்றுவது பெரிய செலவு, அதனால் இதில் மிச்சம் பிடிக்க மனமில்லை.

அடுத்தது ட்ரோலிங் மோட்டார், அதாவது மீன் பிடிக்கும்போது படகை மெதுவாக நகர்த்தும் சின்ன மின் மோட்டார். நங்கூரம் போடாமலே ஜிபிஎஸ் வைத்து ஒரே இடத்தில் படகை நிறுத்தும் வகை கட்டாயம் வேண்டும். ஆனால் 12 வோல்ட் போதுமா, 24 எடுக்கவா? 24 என்றால் இரண்டு பேட்டரி, எடையும் கூடும். லித்தியம் போட்டால் எடை குறையும், விலைதான் கையைக் கடிக்கிறது.

தரைக்குக் கார்பெட் வேண்டாம், வினைல்தான். போன கோடையில் வாடகைப் படகின் கார்பெட்டில் மும்முனைத் தூண்டில் மாட்டி, கத்தியால் அறுத்து எடுத்தேன், புழு நாற்றமும் போகவே இல்லை.

மீன் காட்டும் கருவியைக் கடையில் பூட்டித் தருகிறார்கள், பிறகு நானே வாங்கிப் பூட்டினால் மலிவா? ட்ரெய்லருக்கு பிரேக் தேவையா? சொந்தமாகப் படகு வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள், சனிக்கிழமை கையெழுத்து வைக்க வேண்டும்.