மறு: பாடமெடுக்கும் வழக்குரைஞருக்கும் அவர் "பின்னணி"க்கும் சொல் வேண்டும்

குழுவினருக்கு வணக்கம்.

> ஆசிரியர்தானே? "சட்டக் கல்வி ஆசிரியர்" என்று போட்டுவிட்டுப் போங்களேன்.

சேலத்து ஐயா, அப்படிப் போட்டுத்தான் முதல் வரைவில் மாட்டிக்கொண்டேன். நான் தமிழாக்கிக்கொண்டிருப்பது நியூயார்க் வழக்குரைஞர்களுக்கான தொடர்கல்வி வகுப்பு அறிவிப்பு. அங்கே தொழிலில் பழகியவர்கள் இரண்டு ஆண்டுக்கு 24 மணி நேரம் படித்ததாகக் கணக்குக் காட்ட வேண்டும். புதிதாகப் பதிவு செய்தவர்களுக்கு முதல் இரண்டு ஆண்டில் 32. (மணி என்பது 50 நிமிடம்தான், நம் பள்ளிக்கூடத்துப் பீரியடு மாதிரி.) பாடமெடுப்பவர்களில் சட்டக் கல்லூரிப் பேராசிரியர்களும் உண்டு என்றாலும் பெரும்பாலோர் பகலில் கோர்ட்டிலோ அலுவலகத்திலோ தொழில் பார்ப்பவர்கள். சொல்பவரும் வக்கீல், கேட்பவரும் வக்கீல். சொல்லிக்கொடுத்த நேரத்துக்கு இவர் கணக்கிலும் மணி ஏறும்! "ஆசிரியர்" என்றால் இந்தச் சமநிலை போய்விடுகிறது. "வழக்குரைஞர்" காதில் ஒலிக்கும்படி பயிற்றுரைஞர் என்று வைக்கலாமா?

அடுத்து, பாடமெடுப்பவர் முன்பு என்னென்ன வேலை பார்த்தார் என்று சொல்லும் பகுதிக்குத் தலைப்பான "பின்னணி". இதில்தான் எனக்கு உண்மையான தகராறு. "வழக்குரைஞர்களின் தொழில் பின்னணி" என்று எழுதிப் படித்துப் பார்த்தேன். ஒன்று, பாட்டுப் பாடுகிறார்கள். இல்லையென்றால் அவர்கள்மேல் எஃப்.ஐ.ஆர். இருக்கிறது. சட்டம் பேசும் தாளில் "பின்னணி" என்றாலே "குற்ற" என்பது தானாக முன்னால் வந்து ஒட்டிக்கொள்கிறது. என் பரிந்துரை பணித்தடம். "தொழில் தடம்" என்று போட்டால் இலக்கணக்காரர்கள் "தொழிற்றடம்" கேட்பார்கள், வாய் சுளுக்கிக்கொள்ளும்.

பணித்தடம் சொல்லும் இந்த நாலைந்து வரியை லேசாக நினைக்க வேண்டாம். வகுப்புக்குப் பணம் கட்டுமுன் நான் பார்த்த வக்கீல்கள் முதலில் படிப்பது இதைத்தான். குறுக்கு விசாரணை பற்றிய பாடம் என்று வையுங்கள். எடுப்பவர் முன்பு அரசுத் தரப்பில் நின்றவர் என்றால் சாட்சியை எப்படிக் கட்டி நிறுத்துவது என்று சொல்வார். குற்றம் சாட்டப்பட்டவருக்காக நின்றவர் என்றால் அந்தக் கட்டு எங்கே அவிழும் என்று காட்டுவார். கம்பெனிக்குள்ளேயே சட்டம் பார்ப்பவர், வழக்கே கோர்ட்டுக்குப் போகாமல் இருக்க ஒப்பந்தத்தில் எந்த வரியைச் சேர்ப்பது என்று பேசுவார். பாடத் தலைப்பு ஒன்றுதான், தடம் மாறினால் பாடமே வேறு.

பணித்தடத்தில் அடிக்கடி வரும் இன்னொரு கண்ணிவெடி "லா கிளார்க்". அகராதியை நம்பி "நீதிபதியின் குமாஸ்தா" என்று போட்டால் கட்டுத் தூக்கும் நம்மூர் வக்கீல் குமாஸ்தாதான் கண்முன் வருவார். அமெரிக்காவில் அது நீதிபதிக்குச் சட்ட ஆய்வில் உதவும் வேலை, சட்டம் முடித்தவர்கள் முட்டிமோதி வாங்கும் இடம். அந்நாட்டு உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸே 1980-இல் அதே நீதிமன்றத்து நீதிபதி ரென்குவிஸ்டிடம் அப்படி இருந்தவர்தான். "ஆய்வுத் துணைவர்" என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன். மனம் ஒப்பவில்லை.

அன்புடன், மதுரையிலிருந்து

---

தம்பிக்கு,

பணித்தடம் நல்ல சொல், எடுத்துக்கொண்டேன். பயிற்றுரைஞரில் "உரை" கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது. ஆனாலும் "பயிற்று" முன்னால் நிற்பதால் வெறும் மேடைப் பேச்சாகாது, விடுங்கோ.

ஆனால் ஆங்கிலத்தில் உள்ள "அட்டர்னி"க்கு நீங்கள் போட்ட வழக்குரைஞர் எனக்குச் சரிவரவில்லை. அமெரிக்காவில் கோர்ட்டுப் படியே மிதிக்காமல் ஒப்பந்தம் மட்டும் எழுதுபவரும் அட்டர்னிதான். அவர் எங்கே வழக்கு உரைக்கிறார்? எங்கள் இலங்கைப் பக்கம் முன்பு அப்புக்காத்து வேறு, பிரக்கிராசி வேறு. அப்புக்காத்து நீதிமன்றில் வாதாடுவார், பிரக்கிராசி கட்சிக்காரரைச் சந்தித்துக் கடதாசி வேலை பார்ப்பார். 1974-இல் இரண்டையும் ஒன்றாக்கியபிறகு எல்லாரும் சட்டத்தரணிதான். உங்கள் நியூயார்க்காரருக்கும் அதுவே பொருந்தும். தமிழ்நாட்டு வாசகருக்குப் புரியாது என்பீர்கள். இரண்டு தரம் படித்தால் புரியும்.

"துணைவர்" மட்டும் வேண்டாம். "நீதிபதி ரென்குவிஸ்டின் துணைவர்" என்று அச்சில் வந்தால் சனம் கலியாணம் எப்போது நடந்தது என்று கேட்கும். "ஆய்வு உதவுநர்" என்று மாற்றிவிட்டு அனுப்புங்கோ.

அன்புடன், கொழும்பிலிருந்து அக்கா